மூன்றாவது இடம்

“இது வேணாம், கிளம்பு” என்று சொல்லிக்கொண்டே யுவராணி ஆட்டோவில் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணன் வெற்றிச்செல்வன் சாவியைத் திருகவில்லை.

“கிளம்புன்னா? உள்ள போய் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆவல. டைல்ஸ் போட்ட ரூமு, ஏசி, டிவி. நர்ஸுங்க வாசல் வரைக்கும் வந்து கூப்பிடறாங்க. இதுக்கு மேல என்னா வேணும் உனக்கு?”

“இரும்பை ஊர்ல ஒண்ணு இருக்குதாம். அதைப் பாக்கலாம்.”

“பாரு, பாரு. புடவைக் கடை மாதிரி ஏறி ஏறி எறங்கு. நான் பாக்கறதுக்குத்தான் வண்டி எடுத்தேன், விடறதுக்கு இல்ல. என் அப்பனை முதியோர் ஹோம்ல விட்டுட்டு நான் எப்படி ஊருக்குள்ள நடப்பேன்? உன்னை ஒருத்தனும் கேக்கமாட்டான். புள்ளைன்னு ஒருத்தன் இருந்தானே, அவன் செத்துட்டானான்னு என்னைத்தான் கேப்பான்.”

பின்சீட்டில் மகளின் தோளில் சாய்ந்திருந்தார் அப்பா குப்புசாமி. தை மாதம் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அதிலிருந்து மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். மகன் வீடு அடுத்த தெரு.

அவர் உதடு வெடித்திருந்தது. யுவராணி பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

“ஒரு வாய், அப்பா.”

அவர் இடது கையால் தள்ளிவிட்டார்.

“பாத்தியா?” என்றான் வெற்றிச்செல்வன், கண்ணாடியில் அவளைப் பார்த்து. “நீ ஹோம் ஹோம்னு ஆரம்பிச்ச, அவரு தண்ணியை நிறுத்திட்டாரு. ரோஷக்காரரு. இப்படியே போனா கிட்னி போயிடும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? நல்லா பாத்துக்கறம்மா அப்பனை.”

“நான் பேச்செடுக்கறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாரு.”

அதற்குள் அவன் சாவியைத் திருகியிருந்தான்; வண்டிச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

இரும்பை ஹோமை நடத்துகிற அம்மாள் தோட்டத்தைக் காட்டினார். மோர் கொண்டுவரச் சொன்னார். யுவராணி தோட்டத்தைப் பார்க்கவில்லை. பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். கூட இருந்து பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டாள். அந்த அம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, நீல நிறப் புடவையில் நான்கு பெண்கள் வந்து நின்றார்கள்.

“எல்லாம் தங்கமான புள்ளைங்கம்மா. பெத்த பொண்ணு மாதிரி பாத்துப்பாங்க.”

யுவராணி மோரைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

“அந்தப் புள்ளைங்க உன்னை என்னா பண்ணிச்சு?” என்றான் வெற்றிச்செல்வன் வெளியே வந்ததும். “நீ எதைப் பாக்கறேன்னு எனக்குத் தெரியும். எங்க கம்மியா கேக்கறாங்கன்னு பாக்கற.”

ஆட்டோவில் அப்பா நெளிந்துகொண்டிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. வெற்றிச்செல்வன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். வண்டியின் படுதாவை இறக்கிவிட்டு யுவராணி துடைத்தாள், அவருடைய துணிப்பையிலிருந்து வேறு வேட்டி எடுத்துக் கட்டிவிட்டாள். அது முடிகிறவரை குப்புசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

“ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டு வந்தான் வெற்றிச்செல்வன்.

மூன்றாவது இடம் திண்டிவனம் ரோட்டில், தகர ஷீட் போட்ட ஒரு நீளக் கொட்டகை. பினாயில் நாற்றம் வாசலிலேயே அடித்தது. வரிசையாகக் கட்டில்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கைலியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் ஒரு கிழவருக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“ஓனர் வெளிய போயிருக்காரு. என் பேரு பக்கிரி. பெருசுங்களுக்கு எல்லாம் பண்றது நான்தான்” என்றார்.

“எல்லாம்னா?”

“எல்லாம்தான்.”

யுவராணி திரும்பினாள். “அண்ணா, இங்கயே விட்டுடலாம்.”

“இங்கயா? மாட்டைக்கூட கட்டமாட்டேன் இந்த எடத்துல. அந்த ஏசி ரூமு ஆவாது, இது மட்டும் ஆவுமா? நெஞ்சுல கை வெச்சு சொல்லு.”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கிரி அப்பாவை இறக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். பாத்ரூம் கதவைச் சாத்தினார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். பக்கிரி என்னவோ சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வந்து கட்டிலில் உட்காரவைத்ததும் குப்புசாமி கையை நீட்டினார். பக்கிரி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். அப்பா அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “இன்னும்” என்றார்.

வெற்றிச்செல்வன் பக்கிரியிடம் திரும்பினான். “என்னா சொல்லிக் குடிக்க வெச்சீங்க?” என்றான்.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவருதான் கேட்டாரு, கழுவறதுக்கு நீயா, பொம்பளைங்களான்னு. நான்தான்னு சொன்னேன். அப்ப தண்ணி குடுன்னாரு.”

“வீட்ல கழுவறது நானு” என்றாள் யுவராணி. “நான் வேலை செய்யற உப்பளத்துல நாங்க பொம்பளைங்க வேலை முடியிற வரைக்கும் தண்ணியைத் தொடமாட்டோம். ஒதுங்க மறைவு கெடையாது. அதையேதான் இவரும் பண்ணாரு. எதுக்குன்னு அவரு தண்ணியை நிறுத்தின அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு. பொண்ணு கிட்ட வாய்விட்டு எப்படிச் சொல்லுவாரு?”

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“நீ காலைல ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை வந்து கழுவி விடறேன்னு சொல்லுண்ணா. ஹோமே வேணாம். இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்.”

இரண்டாவது டம்ளரைப் பாதியில் நிறுத்திக் குப்புசாமி மகனைப் பார்த்தார்.

வெற்றிச்செல்வன் விறுவிறுவென்று வண்டிக்குப் போனான். அப்பாவின் துணிப்பையை எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தான்.