சிறுத்தைக்கு எதிரே ஒரு ஜாடி

அருங்காட்சியகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். கூடத்துச் சாமான்களில் பாதி சாக்குக்குள் போய்விட்டது. உயரத்துச் சன்னல் வழியே இறங்கும் மாலை வெயில், பாடம் செய்த சிறுத்தையின் முதுகில் படுத்திருக்கிறது. அதன் மூக்கில் மட்டும் ரோமமில்லை. அண்ணன் சின்ன வயதில் தடவித் தடவி வழுக்கையாக்கிய இடம். தலை நரைத்த பிறகும் அதையேதான் தடவிக்கொண்டு நிற்கிறான். எதிர் மேசையில் தங்கையின் ஜாடி. உள்ளே மண்புழு மாதிரிச் சுருண்டு கிடக்கிறது, மண்ணைக் குடைந்து வாழ்ந்த, காலே இல்லாத, தவளையின் தூரத்துச் சொந்தம். "என் சிறுத்தை ஒரு அடி வெச்சா உன் புழு காலி." "புழு இல்லண்ணா அது. மண்ணுக்குள்ள போக முடியுமா உன் பூனையால?" அறுபதை நெருங்கியும் வழக்கு தீரவில்லை. சின்ன வயதில், இங்கே துப்புரவு வேலை பார்த்த அம்மா இந்தக் கூடத்தைக் கழுவி முடிக்கும்வரை இப்படித்தான் மல்லுக்கு நிற்பார்கள். பிறகு பினாயில் வாசனையோடு வந்து நடுவில் உட்காருவாள். வேலையில் வெந்து உரியும் அவள் உள்ளங்கைத் தோலை, ஆளுக்கொரு கையாகப் பிடித்து உரித்தெடுப்பதில் அடுத்த போட்டி. "எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்று சிரிப்பாள்.

காப்பாளர் அம்மாள் ஜாடியைச் சாக்கில் சுற்ற எடுக்கிறார். "இதைச் சாதாரணமா நினைச்சுடாதீங்க. இதோட குஞ்சுங்களுக்குச் சாப்பாடே தாயோட மேல்தோல்தான். அதுங்க உரிச்சு உரிச்சுத் தின்னும், இது அசையாமப் படுத்திருக்கும்."

சிறுத்தையின் மூக்கிலிருந்து அண்ணனின் கை மெல்ல இறங்குகிறது. "சுத்திடாதீங்க, ஒரு நிமிஷம்" என்று ஜாடியருகே வந்து, தங்கையை லேசாக நகர்த்தி இடம் பிடித்துக்கொள்கிறான்.