அறுபதில் நின்ற முள்

“அறுபது மைல்!” என்று வேகமானி முள்ளைப் பார்த்துக் கத்தினான் கணவன். அடிப்பாகம் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல ஆழமாக இறங்கும் அந்தப் பழைய படகில், புது இரட்டை எஞ்சின் மாட்டி இன்றுதான் வெள்ளோட்டம்.

முப்பதுக்கே கண்ணை மூடிக்கொள்ளும் மனைவி, “இன்னும் கொஞ்சம் விரட்டுங்களேன், என்ன பயம்?” என்று சிரித்தாள். அவன் அசந்துபோனான்.

கரைக்கு வந்ததும், எஞ்சின் மாட்டிய மெக்கானிக்கை அவள் ஓரமாக அழைத்தாள். “ரொம்ப நன்றி தம்பி. முப்பதுல போனா அறுபதுன்னு காட்டுற மாதிரி முள்ளை மாத்தி வைக்கச் சொன்னேன்ல? கச்சிதமா செஞ்சிருக்கீங்க. மனுஷன் அப்படியே நம்பிட்டாரு!”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “மன்னிச்சிருங்கக்கா. எஞ்சின் ரெண்டையும் மாட்டவே நேரம் சரியாப் போச்சு. முள்ளுல நான் கையே வைக்கல.”

அவள் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு, படகைத் திரும்பிப் பார்த்தாள்.

“சரி, முள்ளு அப்படியே இருக்கட்டும்,” என்றாள். “எழுபது தொடுமா தம்பி?”