மாப்பிள்ளைப் பாலம்

ரயில்வே ஆவணங்களில் அந்தப் பழைய பாலத்துக்குப் பெயரே கிடையாது, வெறும் எண்தான். ஊரார் அதை மாப்பிள்ளைப் பாலம் என்கிறார்கள். யார் வீட்டு மாப்பிள்ளை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நாயாய் அலைந்து சலித்த ஆய்வு மாணவன், கடைசி முயற்சியாகப் பாலத்தின் வளைவுக்கடியில் இருந்த ஒற்றை வீட்டின் கதவைத் தட்டினான்.

திறந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏங்க, மாப்ள வந்துட்டாரு!”

“ஐயோ, எனக்குக் கல்யாணமே ஆகலைங்க. பாலத்துக்கு ஏன் இந்தப் பேருன்னு கேக்கத்தான் வந்தேன்.”

“போன மாப்ளயும் இதையேதான் சொன்னாரு,” என்று தண்ணீரை நீட்டினாள். “அதுக்கு முந்தின மாப்ளயும். உள்ள வந்து உக்காருங்க, சாவகாசமாப் பேசலாம்.”

மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, ஆளை விட்டால் போதும் என்று திரும்பினான். வாசலில் சுவர் நெடுக ஆண்களின் செருப்புகளும் ஷூக்களும் வரிசையாக இருந்தன. தொலைவில் இருந்தவை தோல் மட்கி மண்ணோடு மண்ணாகியிருந்தன. படியோரம் இருந்த கடைசி ஜோடி அவனுடையது. கழற்றிய நினைவே இல்லை. இடது ஷூவுக்குள் சிலந்தி கட்டியிருந்த வலையில் தூசி படிந்திருந்தது.