முதல் பெஞ்சுக் குடும்பம்

"என்னங்க, அங்கன பாருங்க. ஜாய் ஒரு மூலையில, ஜோஷ்வா ஒரு மூலையில. இன்னைக்குப் போயி இப்படியா உக்காருவாவ?"

தங்கபுஷ்பம் தன் கணவர் காமராஜின் விலாவில் இடித்தாள்.

மற்ற ஞாயிறு என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்தானே. ஆனால் இன்று குடும்ப ஞாயிறு. வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும் புருஷன், பொண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். தென்காசியில் அந்தச் சபையின் வழக்கம் அது. ஆராதனை முடிந்ததும் பெஞ்சு பெஞ்சாகப் போட்டோ வேறு உண்டு.

அப்படிப்பட்ட நாளில் ஜோஷ்வா மகனோடு ஆண்கள் பக்கம் இருக்கிறான். அவன் பொண்டாட்டி ஜாய் மகளோடு பெண்கள் பக்கம் கடைசியில் இருக்கிறாள்.

"வருஷத்துல ஒரு நாள் பக்கத்துல உக்காருதோம். அன்னைக்கும் ஒனக்கு அடுத்தவன் பெஞ்சுலதான் கண்ணா?" என்றார் காமராஜ்.

"நான் என்ன எனக்காவா சொல்லுதேன்? இன்னைக்குப் பலிபீடத்துக்கிட்ட நின்னு எல்லாக் குடும்பத்துக்கும் ஜெபம் பண்ணப் போறதே அதுக ரெண்டும்தான். பிரிஞ்சு கெடக்குததுக ஜெபம் பண்ணி நமக்கு வெளங்குமா?"

இரண்டாவது பெஞ்சுக்கு இது போதாதா? "அப்படியா சங்கதி?" என்று அது மூன்றாவது பெஞ்சுக்குச் சொன்னது.

தங்கபுஷ்பம் கேட்டதும் நியாயம்தான். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் ஆயிற்றே, அவள் கேட்காமல் வேறு யார் கேட்பது? முதல் பெஞ்சு முழுக்க அவள் குடும்பம். மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாம்பழ மஞ்சளில் உடுப்பு. பெஞ்சு ஓரத்தில், ஒரு ஆள் உட்காரும் இடத்தில், அவளுடைய கைப்பையும் வேதப்புத்தகமும் சாரலில் நனைந்த குடையும் சாவகாசமாக இருந்தன.

முதல் மணி அடித்தாயிற்று. இரண்டாம் மணிக்குள் காரியத்தை முடிக்க வேண்டும். எழுந்து நேரே போதகரிடம் போனாள்.

"ஐயா, ஜோஷ்வா வீட்ல என்னமோ சரியில்ல. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது போலுக்கு."

போதகர் அங்கியை மாட்டிக்கொண்டே, "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"கேக்க வேற செய்யணுமா? போன வாரம் குத்தாலத்துல மெயினருவியிலயும் அவன் மட்டும் தனியாத்தான் குளிச்சிக்கிட்டு நின்னான்."

போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெயினருவியில ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் தனித்தனி எடம்தானேம்மா?"

"அது சரி... ஒருவேளை வேற குடும்பத்தக் கூப்பிடுததுன்னா, நாங்க ரெடியாத்தான் இருக்கோம்."

"நெசமாவே மனஸ்தாபம்னா நான்தான் யோசிக்கணும். வெறும் பேச்ச நம்பி நிறுத்தினா, அந்தப் பிள்ளைங்களுக்கு அவமானமாப் போயிரும். நீங்களே பக்குவமாக் கேட்டுட்டு வாங்க."

தங்கபுஷ்பம் விறுவிறுவென்று நடந்தாள். ஆண்கள் பக்கம் ஜோஷ்வா, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கடை வைத்திருந்த வேதமுத்து அண்ணாச்சிக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

'பொண்டாட்டிய விட்டுட்டு இந்த அண்ணாச்சிகூட என்ன கதை?' என்று முனகிக்கொண்டே கடைசி பெஞ்சுக்குப் போனாள். தூணுக்கு இந்தப் பக்கம் ஜாய், மடியில் மகள்.

"ஏட்டி ஜாய், வீட்ல ஆயிரம் இருக்கும். அத கோயில் வரைக்குமா கொண்டாருவாவ? எந்திரி, அவன்கிட்ட போயி உக்காரு. இல்லன்னா இன்னைக்கு நீங்க ஜெபம் பண்ண முடியாதுன்னு ஐயா சொல்லிட்டாவ."

ஐயா அப்படியா சொன்னார்? சரி, கிடக்கட்டும்.

ஜாயின் முகம் சுருங்கிவிட்டது.

"அய்யோ அக்கா, எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல. நாங்க ஜெபம் பண்ணுதத லைவ்ல பாக்கணும்னு இலத்தூர்ல எங்கம்மா காலையிலேருந்து செல்போன கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காவ."

"அப்பொறம் என்னட்டி? எந்திரி."

ஜாய் எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வருஷம் இதே நாள்ல வேதமுத்து அண்ணாச்சி வாசல் வரைக்கும் வந்துட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாவ. பொண்டாட்டி இல்ல, பிள்ளையும் இல்ல. குடும்பமா உக்காரணும்னா அவிய யாரு பெஞ்சுல போயி உக்காருவாவ? அதான் இந்த வருஷம் நாங்க ரெண்டு குடும்பமா ஆயிருவோம்னு பேசிக்கிட்டோம். எங்க வீட்டுக்காரரும் மவனும் அண்ணாச்சியோட. நானும் மவளும் இவியளோட."

"இவியன்னா?"

"நம்ம சபையில இவியளும் தனிதானக்கா. ஜெபம் இல்லன்னாலும் பரவால்ல, அம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். இவியள ஒத்தையில விட்டுட்டு மட்டும் எந்திரிக்க மாட்டேன்."

'யாரந்த மகராசி?' என்று தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தாள் தங்கபுஷ்பம்.

தூணை ஒட்டி, சாதாரண நூல் சேலையில் உட்கார்ந்திருந்தாள் அன்னபாக்கியம். காமராஜின் கூடப்பிறந்த தங்கை. கல்யாணம் ஆகாதவள். அண்ணன் வீட்டு மாடியில், ஒற்றை அறையில்தான் இருக்கிறாள்.

மைனியைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அவசரமாக நகர்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினாள்.

"வாங்க மைனி. ஒங்க பெஞ்சுல எடம் பத்தாதுன்னு காலையில சொன்னீங்கள்லா? இங்கன நெறைய எடம் இருக்கு, உக்காருங்க."