கால் வாட் குரல்

லோய்ஸே திருடுகிறான் என்பதில் வின்கோவுக்குச் சந்தேகமே இல்லை. எப்படித் திருடுகிறான் என்பதுதான் இத்தனை நாளாகப் பிடிபடவில்லை.

இன்று ஞாயிறு மதியம், அதுவும் பிடிபடும் போலிருந்தது. மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் அவன் கணினியை விட்டு எழவில்லை.

அமெச்சூர் வானொலிச் சங்கம் இந்த அக்டோபரில் ஓர் ஆளை அட்லாண்டிக் தீவு ஒன்றுக்கு அனுப்புகிறது. அதிக நாடுகளைத் தன் ரேடியோவில் பிடித்தவனுக்கு அந்த இடம். லோய்ஸேவின் பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு நாடுகள். வின்கோவிடம் நூற்று எண்பத்தெட்டு. சாயங்காலம் கூட்டத்தில் முடிவு. வின்கோவுக்கு அறுபத்து மூன்று வயது, இதை விட்டால் இன்னொன்று வராது.

லோய்ஸேவின் வீடோ போச் என்ற மலைக்குப் பின்னால், பள்ளத்தில். ஆன்டெனா என்று பார்த்தால் ப்ளம் மரத்தில் கட்டிய ஒரு கம்பி. அதில் பசிபிக் தீவெல்லாம் கேட்கிறதாம். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறான்?

வழி ஒன்றுதான் இருக்க முடியும். நெதர்லாந்தில் யாரோ இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கும் பெரிய ரிசீவர். அதன் ஒலியைக் கணினிக்குள்ளேயே திருப்பி, சிக்னலை எழுத்தாக்கும் மென்பொருளுக்கு ஊட்டிவிட்டால் போதும். கேட்ட காது யாருடையது என்று மென்பொருளுக்கு என்ன தெரியும்? சங்க விதிப்படி அது அப்பட்டமான மோசடி.

வின்கோ தானே அதைச் செய்து பார்த்தான். மிக்ஸர் மென்பொருளைத் திறந்து, எந்த ஒலி எங்கே போக வேண்டும் என்று கட்டம் கட்டமாக டிக் போட்டான்.

பத்தே நிமிடத்தில் திரையில் பிஜி வந்தது. அடுத்து சமோவா. இரண்டும் லோய்ஸேவின் பட்டியலில் இருப்பவை.

அதே கணினியிலிருந்து சங்கச் செயலாளர் மெட்காவை அழைத்தான்.

“திருட்டுப்பய, மெட்கா! எப்படிப் பண்றான்னு கண்டுபிடிச்சிட்டேன். பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்ப ஒரு மாசம் எங்க வீட்லதான் தின்னான். அந்த நன்றிகூட இல்லாம என்னையே ஏமாத்துறான் பாரு!”

கூட்டத்தில் சொல்லச் சொல்லி அவள் நழுவிக்கொண்டாள். அழைப்பை முடித்த கையோடு கைபேசி அடித்தது. லோய்ஸே.

“டேய், டிரான்ஸ்மிட்டரை அணை. நீ பேசுறதெல்லாம் வெளிய போயிட்டிருக்கு.”

வின்கோ திரும்பிப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. மிக்ஸரில் ஒரு டிக் அதிகம். மைக்கில் பேசியது அத்தனையும் மெட்காவுக்குப் போனதோடு டிரான்ஸ்மிட்டருக்கும் போயிருக்கிறது.

அவமானத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் சந்தேகப் புத்தி சும்மா இருக்குமா? இவனுக்கு எதில் கேட்டது? அந்த நெதர்லாந்து ரிசீவரில்தானே? வசமாக மாட்டிக்கொண்டான்!

அழைப்பைத் துண்டிக்காமல், தன் குரல் அதில் போகாதபடி கைபேசியை மியூட்டில் போட்டுவிட்டு, அந்த ரிசீவரைத் தன் அலைவரிசைக்குத் திருப்பி, மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினான்.

வெறும் இரைச்சல். அவன் குரல் அங்கே போகவே இல்லை.

போகாதுதான். டிரான்ஸ்மிட்டர் கால் வாட்டில் இருந்தது. அது தெருமுனையைத் தாண்டினாலே பெரிய விஷயம். இணையத்தில் திறந்துவிட்ட ரிசீவர் எதுவும் இந்த வட்டாரத்தில் கிடையாது.

மலைக்குப் பின்னால் ஒரு ப்ளம் மரமும் ஒரு கம்பியும்தான் இருந்தன.

“மூணு வரைக்கும் எண்ணின,” என்றான் லோய்ஸே. “முன்னாடி சொன்னதும் ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு.”

வின்கோ கைநீட்டி டிரான்ஸ்மிட்டரை அணைத்தான்.

“சங்கத்துல பாதிப் பேரு உன்னை மாதிரிதான் பேசுறாங்க, தெரியும். என் காதுக்குச் சாட்சி சொல்ல ஓர் ஆள் இல்லையேன்னு இருந்தேன்,” என்றான் லோய்ஸே. “சாயங்காலம் வந்து சொல்லுவியாடா?”