பின்னாடி மாட்டிக்கலாம்

கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் செண்பகவல்லிக்கு, படத்தைத் திறந்தாலே நின்றுவிடும் பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. இந்த மாதம் மட்டும் இரண்டு கல்யாண வீட்டார் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போன கடையிலோ அவள் கணவன் கோமதிநாயகம், "இப்போதைக்குச் சின்ன பிராசசரே போதும். மதர்போர்டை மட்டும் பெரிசா எடுத்துப்போம். பின்னாடி எல்லாத்தையும் மாட்டிக்கலாம்" என்றான். பின்னாடி மாடி கட்டலாமென்று பதினோரு வருஷத்துக்கு முன் அவன் தூண்களின் மேல் விட்டுவைத்த கம்பிகள் மொட்டைமாடியில் துருவேறி நிற்கின்றன. கடைக்காரர் போர்டின் காலி ஸ்லாட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அன்று கொத்தனார் கம்பிகளைக் காட்டியபோது மலர்ந்தது போலவே கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது. செண்பகவல்லி அவனைப் பார்க்காமல் போர்டைப் பார்த்தே கேட்டாள்: "அந்தக் கம்பியிலயாவது கொடி கட்டித் துணி காயப்போடுறேன். இதை வச்சு நான் என்ன செய்ய?"