இன்ஜினோடு போன வேலை

அன்று மழையா வெயிலா, எனக்குச் சரியாக நினைவில்லை. அப்பா கருவிப்பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வேலை பார்த்த கார் பந்தய அணி வேறு கம்பெனி இன்ஜினுக்கு மாறிவிட்டது. பழைய இன்ஜின் கம்பெனி அந்த அணிக்கு அனுப்பிய மெக்கானிக் அவர். இன்ஜின் போனால் அவரும் போக வேண்டியதுதான்.

“உங்க இன்ஜினைத் தூக்கச் சொன்ன பாவி யாரு?” அம்மா கொதித்தாள்.

அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். “நான்தான்.”

“புத்தி பேதலிச்சுப் போச்சா?”

“புது மாடல் வேகம் கூடினா தீப்பிடிக்குது. கம்பெனியில சொன்னேன், கண்டுக்கல. அணி முதலாளிகிட்டச் சொல்லிட்டேன்.”

“எவனோ ஓட்டுறதுக்காக நம்ம சோத்துல மண்ணைப் போட்டுக்கணுமா?”

“எவனோ இல்ல. இந்த சீசன்ல அந்த அணிக்கு ஓட்டப் போறது, என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போன நம்ம பெரியவன்.”

அம்மா கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணனுக்கு இது தெரியாது. இன்னமும் ஓட்டுகிறான், வீட்டுக்கு வருவதில்லை. அப்பா லாரி ஷெட்டில் வேலை செய்கிறார். அம்மா டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பந்தயம் பார்க்கிறாள்.